பத்து மணிப் பூவின் பகலும் இரவும்

நவதிருப்பதிகள் ஒன்பதையும் ஒன்பது கோள்களுக்குப் பங்கிட்டுச் சொல்வது தாமிரபரணிக் கரை வழக்கம். அந்தப் பங்கீட்டில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிடைத்தது சூரியன். சித்திரை மாதத்தில் அந்த ஊரில் போய் இறங்குகிறவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். காலை ஒன்பதரைக்கே மொட்டை மாடித் தளம் காலைச் சுடும். தொட்டி ரோஜாவின் இலை தொங்கிவிடும், துளசி துவண்டுவிடும். அதே நேரத்தில், அதே மாடியின் கைப்பிடிச் சுவரில், பழைய பெயின்ட் வாளியில் படர்ந்து கிடக்கும் ஒரு செடி அன்றைய பூக்களை விரிக்கத் தொடங்கும். கருஞ்சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, ரோஸ் என்று வாளியே மறையும் அளவுக்குப் பூக்கும். பிற்பகல் காப்பிக்கு அடுப்பு மூட்டும் நேரத்தில் அத்தனையும் சுருங்கிக்கொண்டிருக்கும்.

நர்சரிக்காரர்கள் இதை டேபிள் ரோஸ் என்று விற்கிறார்கள். வீடுகளில் பத்து மணிப் பூ. தாவரவியலில் போர்ட்டுலாகா கிராண்டிஃப்ளோரா. ரோஜாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதன் நெருங்கிய சொந்தம், வயல் வரப்பில் தானாக முளைத்துச் சட்டிக்கு வந்து சேரும் பருப்புக்கீரை. இரண்டும் ஒரே பேரினம். கீரையின் பூ சின்னதாக, மஞ்சளாக, ஒரு நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும். டேபிள் ரோஸின் பூ அதையே பெரிதாக்கி, பல வண்ணத்தில் செய்தது போல இருக்கும்.

பத்து மணி என்றாலும் செடி கடிகாரம் பார்ப்பதில்லை. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. ஸ்ரீவைகுண்டம் 78 பாகைக்குச் சற்று மேற்கே இருப்பதால், அந்த ஊர்ச் சூரியன் சராசரியாகக் கடிகாரத்துக்குச் சுமார் 18 நிமிடம் பின்தங்கியே வருகிறது. செடி பார்ப்பது வெளிச்சத்தையும் வெப்பத்தையும்தான். சுள்ளென்று காயும் பங்குனியில் ஒன்பதுக்கே திறந்துவிடும். ஐப்பசி மூடாப்பில் பதினொன்று ஆகலாம்; நாள் முழுக்க மழை என்றால் மொட்டு மொட்டாகவே இருந்துவிடும். எந்தப் பூ எந்த நேரத்தில் திறக்கும், எப்போது மூடும் என்று சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751இல் ஒரு பட்டியல் போட்டு, அதைப் பூக்களின் கடிகாரம் என்றார். அந்தப் பட்டியலில் டேபிள் ரோஸ் கிடையாது. அப்போது அது ஐரோப்பாவுக்கே வந்து சேரவில்லை.

மெண்டோசாவிலிருந்து பாளையங்கோட்டை வரை

இதன் தாயகம் தென் அமெரிக்கா: அர்ஜென்டினா, உருகுவே, தென் பிரேசில். 1820களில் ஜான் கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரில் தங்கியிருந்தார். ஆண்டிஸ் மலை அடிவாரத்துக்கும் பாம்பாஸ் புல்வெளிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான வெளியில், தரையே ஊதாவாகத் தெரியும் அளவுக்கு இந்தச் செடி பூத்துக் கிடப்பதை அவர் கண்டார். ஊதாவுக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சுத் திட்டுகளும் இருந்தன. தோட்டக்காரர்கள் கை வைப்பதற்கு முன்பே காட்டில் இரண்டு நிறம் இருந்திருக்கிறது. கில்லீஸ் மூலம் தெரியவந்த செடியை, அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1829இல் பெயரிட்டு, வண்ணப் படத்துடன் வெளியிட்டார்.

அதே ஹூக்கரின் மேசைக்கு நம் பக்கத்திலிருந்தும் செடிகள் போய்க்கொண்டிருந்தன. அனுப்பியவர் ராபர்ட் வைட். கம்பெனிப் படையில் மருத்துவராக இருந்துகொண்டே தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டியவர். 1830களின் நடுவில் பெல்லாரியிலிருந்து எழுநூறு மைல் தூரம் தம் படைப்பிரிவோடு நடந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்றும் தாவரவியலாளர்களுக்குப் பயன்படுகின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் ஒரு சிற்றினத்துக்கு அவர் நினைவாகவே போர்ட்டுலாகா வைட்டியானா என்று பெயர்.

ஆக, டேபிள் ரோஸ் வெளிநாட்டுக்காரி என்றாலும் அதன் குடும்பம் இங்கே புதிதல்ல. கிழங்கு வேரில் நீரைச் சேமிக்கும் போர்ட்டுலாகா டியூபரோசா வறண்ட தென் தமிழக நிலங்களில் கிடைக்கிறது. தரையோடு தரையாகப் படரும் சிறுபசலை, தளம் போட்ட முற்றத்து வெடிப்பில்கூட முளைக்கும். பருப்புக்கீரைக்கு வாழைத்தோட்டம், வயல், தெரு ஓரம் எல்லாம் ஒன்றுதான்.

தொட்டால் சாயும் தாள்கள்

பூவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அடுக்கு வகையில் இதழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே இருப்பதை மறைத்துவிடும். அதனால் ஒற்றை வகைப் பூவாக எடுத்துக்கொள்வது நல்லது. ஐந்து இதழ், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு பள்ளம். நடுவில் கொத்தாக மகரந்தத் தாள்கள். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றின் நுனியால் அந்தக் கொத்தின் ஒரு பக்கத்தை மெதுவாக வருடினால், சில நொடிகளில் தாள்கள் நகரும். அதுவும் தொட்ட குச்சியை விட்டு விலகாது. தொட்ட பக்கத்தை நோக்கியே சாயும். 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த அசைவை அளந்து விவரித்தார்கள். குச்சிக்குப் பதிலாகத் தேனீ வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது எளிது. தாள்கள் அதன் மேலேயே சாய்ந்து மகரந்தத்தைப் பூசிவிடும். ஒரே நாள், அதிலும் சில மணி நேரமே திறந்திருக்கும் பூவுக்கு வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் முக்கியம்.

சுருங்கிய பூ உதிர்வதில்லை. இதழ்கள் கூழாகி ஒட்டிக்கொள்ள, அதற்குள் காய் முற்றும். காய் முற்றியதும் மேல் பாதி சிமிழ் மூடி போலக் கழன்று விழும். உள்ளே சாம்பல் நிறத்தில், உலோகப் பளபளப்போடு விதைகள் இருக்கும். ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் விதை. காற்றோ மழைத்துளியோ எறும்போ சற்றுத் தட்டிவிட்டாலே சிதறிவிடும். அடுத்த வீட்டு மாடியில் யாரும் நடாமலே டேபிள் ரோஸ் முளைப்பதற்கு இதுவே காரணம். பூக்கடையில் இதற்கு இடம் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. காலையில் தொடுத்த சரம் மாலைக்குள் கூழாகிவிட்டால் யார் வாங்குவார்கள்?

பீட்ரூட்டின் சாயம்

செம்பருத்தியின் சிவப்பும் கத்தரிக்காயின் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை இதைத்தான் நம்பியிருக்கின்றன. டேபிள் ரோஸ் அந்தக் கூட்டத்தில் சேராது. அதன் நிறமி பீட்டலைன். பீட்ரூட், காகிதப்பூ, அந்திமந்தாரை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சிவப்புத் தண்டுக்கீரை, நாகதாளிப் பழம் எல்லாவற்றின் நிறமும் இதுவே. இவை யாவும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை. ஆந்தோசயனினும் பீட்டலைனும் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இயற்கையில் இதுவரை எங்கும் காணப்படவில்லை. ஏன் இப்படி ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்பது தாவர வேதியியலில் இன்னும் பேசப்படும் கேள்வி.

பீட்டலைன் தயாரிப்பு டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. இடையில் பீட்டலாமிக் அமிலம் உருவாகிறது. அது போய்ச் சேரும் கூட்டாளியைப் பொறுத்து ஊதாவோ மஞ்சளோ பிறக்கும். இரண்டும் வெவ்வேறு அளவில் கலந்தால் ஆரஞ்சு, சிவப்பு. இடைப்பொருளே உருவாகாவிட்டால் வெள்ளை. அந்த இடைப்பொருளை உண்டாக்கும் நொதிக்கான மரபணு, தாவரங்களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது டேபிள் ரோஸில்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2004இல் அதை வெளியிட்டது. அவர்கள் செய்த சோதனை நேரடியானது. அந்த மரபணுவை நுண்துகள்களில் பூசி, வெள்ளை இதழ்களின் மேல் வேகமாகச் செலுத்தினார்கள். துகள் பட்ட செல்களில் நிறம் ஊறி, வெள்ளை இதழில் வண்ணப் புள்ளிகள் தோன்றின.

இந்த வேதியியல் வாங்குகிறவர்களுக்கும் உதவும். இயற்கையான பீட்டலைன்கள் மஞ்சளிலிருந்து ஊதா வரை போகும். அசல் நீலத்துக்குப் போகாது. ஆகவே இணையக் கடைகளில் கண்ணைப் பறிக்கும் நீல நிற டேபிள் ரோஸ் படத்தோடு விதை விற்றால், அந்த நீலம் கணினியில் பூத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே இலையில் இரண்டு ஏற்பாடு

டேபிள் ரோஸின் இலை உருண்டையாக, குட்டிப் பென்சில் மாதிரி இருக்கும். ஒன்றைக் கிள்ளிப் புது பிளேடால் குறுக்கே நறுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஓரத்தில் மட்டும் பச்சை வளையம் தெரியும். நடுவில் நிறமே இல்லாத, ஈரமான செல்கள். அது தண்ணீர்க் கிடங்கு. பச்சை வளையத்தில் வேலை நடக்கிறது.

அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள நெல்லிடம் போக வேண்டும். நெல், வாழை, வேம்பு என்று பெரும்பாலான தாவரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ருபிஸ்கோ என்ற நொதியால் பிடிக்கின்றன. இந்த நொதிக்கு ஒரு பலவீனம்: கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடும். மிதமான வெப்பத்திலேயே ஏறக்குறைய நான்கு முறைக்கு ஒரு முறை இந்தத் தவறு நடக்கிறது. வெயில் ஏற ஏறத் தவறு கூடும். செய்த தவறைச் சரிக்கட்டச் செடி ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கும்.

கரும்பு, சோளம், மக்காச்சோளம் போன்றவை இதற்கு ஒரு வழி கண்டன. வெளிப்புறச் செல்களில் வேறொரு நொதி கரியமில வாயுவை மட்டும் சரியாகப் பிடித்து, நான்கு கரியணு கொண்ட அமிலமாக்கி உள்செல்களுக்கு அனுப்பும். அங்கே அது மறுபடி வாயுவாகி ருபிஸ்கோவைச் சூழ்ந்துகொள்ளும். தவறு செய்யும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கரும்பில் இந்தப் பாதையை 1966இல் ஹேட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் ஆஸ்திரேலியாவில் விளக்கினார்கள். சி4 ஒளிச்சேர்க்கை என்பது அதன் பெயர். பூக்கும் தாவர இனங்களில் சுமார் 3 விழுக்காட்டில்தான் இது உண்டு.

கள்ளி, கற்றாழை, அன்னாசி வகையினர் போன வழி வேறு. பகலில் இலைத்துளையைத் திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். எனவே அவை இரவில் திறக்கின்றன. குளிர்ந்த காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் செல்லுக்குள் சேர்த்துவைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, சேர்த்ததை எடுத்துச் சர்க்கரை செய்கின்றன. குழாயில் நடுராத்திரி தண்ணீர் வரும் தெருவில், கண்விழித்துக் குடங்களில் பிடித்துவைத்துப் பகலில் புழங்கும் குடும்பத்தின் ஏற்பாடு இது. அறிவியலில் இதன் பெயர் சி.ஏ.எம்.

ஒரு செடி இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஒன்று வேகத்துக்கான ஏற்பாடு, மற்றது சிக்கனத்துக்கானது. போர்ட்டுலாகா அந்தக் கணக்கை உடைத்தது. பருப்புக்கீரையில் சி4, சி.ஏ.எம். இரண்டும் உண்டு என்று 1980இல் கோச், கென்னடி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே டேபிள் ரோஸிலும் அதற்கான சான்று வெளியானது. தண்ணீர் இருக்கும்வரை செடி கரும்பைப் போல வேகமாக வேலை செய்யும். மண் காயத் தொடங்கியதும் கள்ளியின் இரவு ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர் கிடைத்தால் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

இரண்டும் இலையின் வெவ்வேறு மூலைகளில் தனித்தனியாக நடக்கின்றனவா என்ற கேள்வி நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 2022இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா எட்வர்ட்ஸ் தலைமையிலான குழு, பருப்புக்கீரை இலையில் எந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று வரைபடமே போட்டுப் பார்த்தது. இரண்டும் ஒரே செல்களில், ஒன்றோடொன்று பின்னி நடக்கின்றன என்பது விடை. இரவில் சேர்த்த அமிலத்திலிருந்து பகலில் வெளிவரும் கரியமில வாயுவும் நேராகச் சி4 பாதைக்குள் போய்விடுகிறது.

இதற்கு ஆய்வகம் தேவைப்படாத ஒரு சான்று அடுக்களையில் உண்டு. தண்ணீர் இல்லாமல் காய்ந்த இடத்தில் முளைத்த பருப்புக்கீரையை விடியற்காலையில் பறித்தால் புளிப்புத் தூக்கலாக இருக்கும். அதே செடியில் சாயங்காலம் பறித்தால் புளிப்பு குறைந்திருக்கும். இரவெல்லாம் சேர்ந்த மாலிக் அமிலம் பகலில் செலவாகிவிட்டது. சிறுபருப்போடு கூட்டு வைக்க எது வேண்டும் என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. 100 கிராம் இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை ஒமேகா 3 வகைக் கொழுப்பு அமிலம் இருப்பதும் இந்தக் கீரையின் தனிச்சிறப்பு. ஆக்சலேட்டும் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டேபிள் ரோஸை மட்டும் தொட்டியிலேயே விட்டுவிடலாம்; அது நம் சமையலறைக்கு வந்த செடி அல்ல.

தண்ணீர்தான் எதிரி

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் கார், பிசானம் என்று நெல்லும், அதோடு வாழையும் விளைவிக்கின்றன. கால்வாய்ப் பாசனத்தில் பழகிய கைக்குச் செடி என்றால் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் வேலை. டேபிள் ரோஸை அந்தக் கையே கொன்றுவிடும். ஆற்றங்கரையிலிருந்து தெற்கே சில மைல் தாண்டினால் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி வந்துவிடும். செம்மணல், பனை, உடைமரம். இந்தச் செடிக்குப் பிடித்தமான மண் அந்தத் தேரியின் சாயலில்தான் இருக்க வேண்டும், வயலின் சாயலில் அல்ல.

2023 டிசம்பர் 17இல் தொடங்கிய மழையில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழைக்கு ஏறத்தாழச் சமமான அளவு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரே நாளில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின.

இப்படிப்பட்ட நாட்களில் சதைப்பற்றுள்ள செடிகள் தாங்குவதில்லை. வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்துவிட்டால், ஆக்சிஜன் வேருக்குப் போய்ச் சேரும் வேகம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. மேலிருந்து கீழே காற்றைக் கடத்தும். டேபிள் ரோஸுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே அடித்தண்டு கண்ணாடி போலாகி, பூஞ்சை ஏறி, தொட்டால் கழன்றுவிடும். விதைகள் மட்டும் மண்ணில் தங்கும். அவை முளைக்க வெளிச்சமும் சூடும் வேண்டும் என்பதால், தை பிறந்து வெயில் தலைகாட்டியதும் வெடிப்புகளில் சிவந்த தண்டோடு குருத்துகள் எட்டிப்பார்க்கும்.

வளர்க்கிற விதம்

ஆகவே வளர்க்கும் கலை என்பது பெரும்பாலும் விலகி நிற்கும் கலை. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு போதும். தொட்டி ஆழமாக இருக்க வேண்டியதில்லை. சிரட்டை, தயிர் டப்பா, பாதியாக வெட்டிய தண்ணீர் கேன் எதுவும் ஆகும். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம். சுண்டுவிரல் நீளத்துக்குத் தண்டைக் கிள்ளி, கீழ் இலைகளை நீக்கிச் செருகினால் பத்து நாளில் வேர் பிடிக்கும். விதை என்றால் மண்ணுக்கு மேலேயே தூவ வேண்டும், மூடினால் முளைக்காது. ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீளும், பூ வராது. விரலை உள்ளே விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். தழைச்சத்து உரம் கூடினால் இலைதான் மிஞ்சும். மாவுப்பூச்சி வந்தால் அந்தத் தண்டையே வெட்டி எறிந்துவிடலாம். மிச்சத் தண்டு மறுபடி தழைக்கும்.

விதை உறைகளில் இதை ஓராண்டுச் செடி என்று அச்சிட்டிருப்பார்கள். பனி பொழியும் நாடுகளில் குளிர் வந்ததும் செத்துவிடுவதால் வந்த கணக்கு அது. ஸ்ரீவைகுண்டத்தில் உறைபனி ஏது? இங்கே செடி சாவதற்குப் பதில் கிழடு தட்டும். அடித்தண்டு நீண்டு, இலை உதிர்ந்து, பூ நுனிக்குப் போய்விடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டு, வெட்டிய நுனிகளையே நட்டால் அதே நிறம் ஆண்டுக்கணக்கில் தொடரும். விதையிலிருந்து வருபவை தாயின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும். கடைகளில் அகன்ற, தட்டையான இலையோடு கிடைப்பது போர்ட்டுலாகா அம்ப்ராட்டிகோலா என்ற வேறு இனம். அதற்கும் இதே கவனிப்புதான்.

கைப்பிடிச் சுவரில் வளரும் ஒரு பூச்செடி உலக ஆய்வகங்களின் கவனத்துக்கு வந்ததற்குப் பூ காரணமல்ல. பயிர்கள் இனி வரும் ஆண்டுகளில் கூடுதல் வெப்பத்தையும் குறைந்த நீரையும் தாங்க வேண்டியிருக்கும். மக்காச்சோளத்தில் சி4 ஏற்கெனவே இருக்கிறது, அதோடு சி.ஏ.எம். ஏற்பாட்டையும் சேர்க்க முடியுமா என்ற கேள்விக்குப் போர்ட்டுலாகாவின் மரபணுக்களில் விடை தேடலாம் என்று யேல் குழு கருதுகிறது. வடகாலும் தென்காலும் பாயும் நிலத்து நெல்லுக்கு இரண்டுமே கிடையாது. நெல்லில் சி4 பாதையைக் கொண்டுவரும் பன்னாட்டுத் திட்டம் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து 2008இல் தொடங்கியது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து உழைத்தும் அது இன்னும் விவசாயியின் வயலுக்கு வந்து சேரவில்லை.